நாமும் நாங்களும்: மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் பேச்சு வழக்கை முன்வைத்து

தமிழ்ச் சங்கங்கள் பலவற்றின் விதிமுறை ஏட்டில் ஒரு விதி தவறாமல் இடம்பெறுவதுண்டு. சங்கம் மொழி, கலை, பண்பாடு ஆகியவற்றின் வளர்ச்சிக்குப் பாடுபடும். அரசியலில் ஈடுபடாது என்பதே அவ்விதி. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி பேசுவோர் நடுவே வாழ்பவர்கள், தமக்குள் பிளவு வேண்டாமென்று கருதி வகுத்துக்கொண்ட நல்ல விதி அது. கட்சிச் சண்டை மேடையேறியதால் இரண்டாக உடைந்த சங்கங்களை அறிந்தோர் அதன் அருமையை உணர்வர். ஆயினும் அவ்விதி ஒரு கருத்தைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. பண்பாடு ஒரு பக்கம் இருக்கிறது, அரசியல் மறுபக்கம் இருக்கிறது, இடையே சுவர் எழுப்பிவிடலாம் என்பது அக்கருத்து. அந்தச் சுவர் உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் மாட்டுங்கா லேபர் கேம்ப்; எடுத்துக்கொள்ளும் பொருள் அங்கு அன்றாடம் புழங்கும் பேச்சு.

அரசியல் என்றதும் கட்சியும் கொடியும் தேர்தலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு அடியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நம்முள் ஒருவராக எண்ணப்படுவோர் யார்? இருப்பதில் யாருக்கு எவ்வளவு பங்கு? யாருடைய சொல் எடுபடும்? இம்மூன்றையும் தீர்மானிக்கும் செயல் எதுவாயினும் அது அரசியலே. சட்டமன்றத்தில் நடந்தாலும் சரி, சமையற்கட்டில் நடந்தாலும் சரி.

இவற்றுள் முதல் கேள்விக்குத் தமிழ் இலக்கணமே ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'நாம்' என்கிறோம். அவரை விலக்கிப் பேசினால் 'நாங்கள்' என்கிறோம். முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கண நூலார். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. மராத்தியிலோ நம்மைப் போலவே சேர்த்துப் பேச 'ஆபண்' என்றும், விலக்கிப் பேச 'ஆம்ஹி' என்றும் இரு சொற்கள் உண்டு. ஆகவே தமிழரும் மராத்தியரும் வாய் திறந்து 'நாம்' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், எதிரே நிற்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும். பேச்சு அரசியலாகும் இடம் இதுவே என்பது நம் கருத்து. பேசப்படும் பொருள் அரசியலாக இருக்க வேண்டியதில்லை; 'நாம்' என்பதன் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

இரண்டு மாட்டுங்கா

மாட்டுங்கா என்ற ஒரே பெயர் இரு வேறு உலகங்களைக் குறிக்கிறது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புகளுள் ஒன்று மத்திய இரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள மாட்டுங்கா. கிங் சர்க்கிளைச் சுற்றி எழுந்த மாடி வீடுகளில், அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர், பெரும்பாலும் பிராமணர், குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது அச்சூழலில்தான். கோயிலும் கச்சேரியும் காப்பிப் பொடிக் கடையும் பூக்கடையும் அங்கே ஒரு சிறு மயிலாப்பூரை உண்டாக்கின.

இரயில் பாதைக்கு மேற்கே, தாராவியை ஒட்டி, லேபர் கேம்ப் இருக்கிறது. நெல்லைச் சீமையின் சிற்றூர்களிலிருந்து வந்த தமிழர் அங்கே மிகுதி. மராத்தியரும் தெலுங்கரும் கன்னடரும் வடநாட்டாரும் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்கின்றனர். 'கேம்ப்' என்றால் முகாம், சில நாள் தங்கிப் போகும் இடம். பேரப்பிள்ளைகள் பள்ளி முடித்த பின்னும் அந்தச் சொல் மாறவில்லை. மூன்று தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்தவர்களை இன்னும் வழிப்போக்கர்களாகவே அது காட்டிக்கொண்டிருக்கிறது. தாதரிலோ சயானிலோ ஒருவர் "வீடு மாட்டுங்காவில்" என்று சொல்லும்போது, "கிழக்கா, லேபர் கேம்ப்பா?" என்று வரும் மறுகேள்வி முகவரி அறியும் கேள்வி மட்டுமன்று என்பதைக் கேட்பவரும் அறிவார், கேட்கப்படுபவரும் அறிவார்.

வெளியிலிருந்து வந்த சொல்

இந்த இரு மாட்டுங்காக்களையும் ஒன்றாக்கிய சொல் ஒன்று உண்டு. அது 'மதராஸி'. 1960 மே 1ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் உதயமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் பால் தாக்கரே 'மார்மிக்' வார இதழைத் தொடங்கினார். பம்பாய் நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலாக அது வெளியிட்டது. 'படித்துவிட்டுச் சும்மா இருங்கள்' என்று பொருள்படும் தலைப்பு அப்பட்டியலுக்கு இடப்பட்டிருந்தது. 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. தென்னிந்தியரின் லுங்கியை எள்ளிய முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. உடுப்பி உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. 1967 தேர்தலில் வி. கே. கிருஷ்ண மேனன் வடகிழக்குப் பம்பாயில் தோற்றதற்கும் அவர் வெளியார் என்ற பிரசாரம் துணை செய்தது.

இங்கே பயன்பட்ட கருவிகளைக் கவனிக்க வேண்டும். பெயர், உடை, உணவு ஆகிய மூன்றுமே அவை. தொலைபேசிப் புத்தகத்துப் பெயர் வரிசையைக் காட்டிலும் அரசியலற்ற ஏடு உண்டா? அதையே ஒரு தலைப்பின் கீழ் அச்சிட்டபோது அது குற்றப்பத்திரிகையாயிற்று. பட்டியலில் இருந்தவர்கள் அலுவலர்களும் எழுத்தர்களும். லேபர் கேம்ப் வாசிகள் அத்தகைய நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் அல்லர். லுங்கி உடுத்தவர்களோ பெரும்பாலும் உழைப்பாளிகள். நாற்காலியின் மீதிருந்த கோபம் லுங்கியின் மீது இறங்கியது. தோல் பதனிடும் தொழிலாளியும் தலைமை எழுத்தரும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

சொல்லில் பகை இருந்தால்தான் அது எல்லைக்கோடு இடும் என்பதில்லை. தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் அதிகாலையில் அவிக்கும் இட்லி, மிதிவண்டிகளில் நகரெங்கும் செல்கிறது. விற்பவரை எல்லாரும் 'அண்ணா' என்கின்றனர். மராத்தியிலும் அண்ணா மரியாதைச் சொல்லே. தமிழ்நாட்டு அரசியலிலோ அது ஒரு தலைவரின் பெயராகவே நின்றது. இங்கே அது இட்லி விற்கும் தொழிலின் பெயராயிற்று. கூப்பிடுவோரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் தெற்கத்தியார் ஒருவரைக் கண்டதும் அவர் பெயரைக் கேட்க வேண்டிய தேவையை அச்சொல் இல்லாமல் செய்துவிடுகிறது. உறவுச் சொல்லும் ஒருவரை விலக்கிவைக்க உதவும் என்பதற்கு இது சான்று.

உள்ளிருந்து எழும் கேள்வி

வெளியார் நம்மை ஒன்றாக்கியபோது நாம் உள்ளுக்குள் ஒன்றாக இருந்தோமா? நெல்லைப் பேச்சில் புதியவரை விசாரிக்கும் நயமான முறை ஒன்று உண்டு: "நமக்கு எந்த ஊரு?" 'உங்களுக்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நமக்கு' என்பர். கேட்பவரையும் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் அன்பு அது. ஊர்ப் பெயர் வந்ததும், "அங்கே எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. தெருவின் பெயர் வந்துவிட்டால் வேறு கேள்விக்கு அவசியமில்லை, சாதி தெரிந்துவிடும். அதன்பின் 'நமக்கு' என்ற சொல் தொடரலாம், அல்லது மெல்ல 'உங்களுக்கு' என மாறிவிடலாம். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசப்படவில்லை; இரண்டு நிமிட உரையாடலுக்குள் 'நாம்' என்பதன் எல்லை அளந்து முடிக்கப்படுகிறது. ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்தவரை, அவர் விட்டு வந்த தெரு இரண்டு நிமிடத்தில் பிடித்துவிடுகிறது.

இக்கேள்வியின் கூர்மையை உணர்ந்தே சுயமரியாதை இயக்கத்தார் 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை நீக்கத் தீர்மானித்தனர். 1967இல் அண்ணாதுரை தலைமையிலான அரசு 'ஸ்ரீ', 'ஸ்ரீமதி', 'குமாரி' என்பனவற்றின் இடத்தில் 'திரு', 'திருமதி', 'செல்வி' என்பனவற்றைக் கொண்டுவந்தது. 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்த வரலாறும் இத்தகையதே. இன்று வணக்கம் சொல்லும் எவரும் அதனை அரசியலாக எண்ணுவதில்லை. ஒரு போராட்டம் முழு வெற்றி பெற்றதன் அடையாளம், அது போராட்டமாக இருந்ததே மறந்துபோவதுதான்.

அந்த வெற்றி பம்பாய்க்கு வந்தபோது வேறொரு வாசலில் முட்டிக்கொண்டது. இங்குள்ள பள்ளி விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. சாதிப் பட்டத்தை விட்டொழித்த தமிழருக்கு அக்கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. சிலர் தந்தை பெயரை எழுதினர். சிலர் தாத்தா விட்டொழித்த பட்டத்தையே தேடியெடுத்து எழுதினர். அந்தக் கட்டத்தை அச்சிட்டவர்க்குச் சாதியைக் காக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி வராந்தாவில் நின்ற தந்தை மட்டும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருந்தது.

விளிச்சொல்லிலும் இதே சிக்கல். ஊரில் சேரி முதியவரை மேல்தெருச் சிறுவன் ஒருமையில் அழைப்பதும், முதியவர் அவனை 'ஐயா' என்பதும் வழக்கமாக இருந்தன. பம்பாய் இந்தியிலோ மரியாதைப் பன்மை அருகியே வழங்கும். யாரையும் 'தூ' என்று விளிப்பர். ஊரில் 'நீங்கள்' கேட்டுப் பழகியவருக்கு அது அவமதிப்பாகத் தோன்றியது. ஊரில் ஒருமையே கேட்டு வளர்ந்தவருக்கோ, தம்மையும் தம் மேலாளரையும் ஒரே சொல்லால் அழைக்கும் நகரம் ஒருவகை விடுதலையாக இருந்திருக்கும். சொல் ஒன்றே, அது தரும் சுகமும் வலியும் கேட்பவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தவை.

சேரியும் வழக்கும்

லேபர் கேம்ப் பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு வரும்போது அவர்களுடைய தமிழைப் பெரியோர் திருத்துகின்றனர். நெல்லைத் தமிழும் பம்பாய் இந்தியும் மராத்தியும் கலந்த அந்தப் பேச்சைக் 'கொச்சை' என்றும், சினம் மிகும்போது 'சேரித் தமிழ்' என்றும் சொல்வதுண்டு. இந்த இரண்டாம் பெயரைச் சற்று ஆராய்வோம்.

தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் வனப்புகளுள் ஒன்றாகப் 'புலன்' என்பதைக் கூறுகிறது. சேரிமொழியால் தெளிவாக உரைத்து, ஆராய்ந்து பொருள்காண வேண்டாதபடி அமைவது அது என்று இலக்கணம் தருகிறது. பழிப்பாக அன்று, அழகாகவே சேரிமொழியை அந்நூல் எண்ணியது. சேரி என்பது அன்று மக்கள் சேர்ந்து வாழும் இடம். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், அந்தணர் ஊரின் பகுதிகளையே சேரிகள் என்கின்றன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களைக் காண்கிறோம். அந்தணரும் வாழ்ந்த சேரியிலிருந்து, ஒதுக்கப்பட்டோர் மட்டும் வாழும் சேரிக்கு அச்சொல் இறங்கியது. சொல்லின் ஒலி மாறவில்லை. ஊரின் கோடுகள் மாறின. பொருள் அவற்றைத் தொடர்ந்தது.

அதே தொல்காப்பியத்தின் மரபியல், வழக்கு எனப்படுவது உயர்ந்தோரைச் சார்ந்தது என்றும் கூறுகிறது. யார் உயர்ந்தோர் என்பதை உரையாசிரியர்கள் தத்தம் காலத்துக்கு ஏற்ப விளக்கினர். ஒரு நூலுக்குள்ளேயே இவ்விரு குரல்களும் இருப்பது நமக்குப் பாடமாக வேண்டும். தமிழில் 'வழக்கு' என்பது பேச்சு வழக்கையும் குறிக்கும், நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கையும் குறிக்கும். யாருடைய பேச்சு தமிழ் என எண்ணப்படும் என்பது முடிவு பெறாத வழக்காகவே இருந்து வந்திருக்கிறது. பரிசு வழங்கும் நடுவர் அந்த வழக்கில் தீர்ப்பு எழுதுகிறார், தாம் அறிந்தோ அறியாமலோ.

குழாயடி

பயனற்ற பூசலைக் 'குழாயடிச் சண்டை' என்று இழித்துரைப்பது தமிழ் வழக்கம். சட்டமன்ற அமளியைக் கண்டிக்கும் பத்திரிகைகளும் இத்தொடரைக் கையாளும். அரசியல் தரம் தாழ்ந்து குழாயடிக்கு வந்துவிட்டது என்பது அதன் உட்பொருள். குழாயடியில் உண்மையில் நடப்பது என்ன? குறிப்பிட்ட நேரமே தண்ணீர் வரும் ஒரு குழாய். அதனைச் சுற்றிப் பல குடும்பங்களின் குடங்கள். யார் குடம் முதலில், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாக விடலாமா, நேற்று வந்த குடித்தனக்காரிக்கு வரிசையில் இடமுண்டா என்பன அங்கே விவாதிக்கப்படுகின்றன. நாம் முதலில் கூறிய மூன்று கேள்விகளும் இங்கு முழு உருவில் நிற்கின்றன. விவாதிப்போர் பெண்கள் என்பதாலும், ஏழைகள் என்பதாலும், உரத்த குரலில் பேசுவதாலும் அதற்கு அரசியல் என்ற பெயர் கிட்டவில்லை. வீட்டினுள் குழாய் உள்ளவர்கள் மெல்லிய குரலில் பேசுவது எளிது.

இந்த உண்மையைக் கலையாக்கியவர் லேபர் கேம்ப்பிலேயே வாழ்ந்திருக்கிறார் என்பது நம் மலர்கள் நினைவுகூர வேண்டிய செய்தி. மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே (1920–1969) இளமையில் இங்கு வசித்தார். இப்பகுதியின் கொசுத் தொல்லையைப் பற்றி ஒரு போவாடா இயற்றினார் என்று மராத்தி இலக்கிய வரலாற்றார் குறிப்பிடுகின்றனர். போவாடா என்பது மன்னரின் வீரச் செயல்களைப் புகழும் பாட்டு வகை. நம் பரணியோடு ஒப்பிடத்தக்கது. சிவாஜி மன்னரைப் பாடும் பாட்டுருவில் கொசுவைப் பாடியது வெறும் வேடிக்கையன்று. கொசு எங்கே பெருகும்? சாக்கடை மூடப்படாத இடத்தில். யார் தெருவில் மூடப்படவில்லை? நகராட்சியின் பெயரைச் சொல்லாமலே அக்கேள்வி எழுந்துவிடுகிறது. தூக்கமிழந்து புலம்பும் அண்டை வீட்டார் பேச்சே அப்பாட்டின் மூலம்.

1944இல் அவர் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். 1958இல் பம்பாயில் கூடிய தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்துப் பேசியபோது, உலகம் ஆதிசேடன் தலைமீது நிற்கவில்லை, உழைப்பாளரின் உள்ளங்கையில் நிற்கிறது என்ற கருத்தைக் கூறினார். பாட்டி சொல்லும் கதையைத் திருப்பி வைத்த அவ்வொரு வாக்கியம் பல கட்சித் தீர்மானங்களைக் கடந்து நிலைத்துவிட்டது. 1972இல் வெளிவந்த நாம்தேவ் டசாலின் 'கோல்பிட்டா' கவிதை நூலுக்கு முன்னுரை வரைந்த நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர், தமக்குப் பொருள் விளங்காத சொற்கள் அதில் இருந்ததை மறைக்கவில்லை. ஒரே நகரில், ஒரே மொழியில், அகராதி தேவைப்படும் தொலைவில் மனிதர் வாழ்ந்தனர். திருத்துவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள முற்பட்ட அப்பண்பு நம் நடுவர்களுக்கும் உகந்தது.

ஏட்டிலும் திரையிலும்

தமிழ்ப் படைப்புகள் இப்பேச்சை எவ்வாறு கையாண்டன? பம்பாயில் பல்லாண்டு பணியாற்றிய நாஞ்சில் நாடன், வேலை தேடி அலையும் படித்த இளைஞன் சண்முகத்தை 'மிதவை' (1986) நாவலில் இந்நகருக்குக் கொண்டுவந்தார். 'எட்டுத் திக்கும் மதயானை' (1998) நாவலின் பூலிங்கம் சாதிப் பகையால் ஊரை விட்டு ஓடிவருபவன். நாஞ்சில் நாட்டுப் பேச்சைப் பம்பாயிலும் கைவிடாமல் எழுதியது இவ்வாசிரியரின் தனிச்சிறப்பு. வட்டார வழக்கு அங்கே அலங்காரமாக இல்லை. மனிதன் ஊரை விட்டாலும் ஊர் அவனை விடாது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

தாராவியைத் தமிழகம் அறிந்தது பெரும்பாலும் திரைப்படங்கள் வழியே. மணிரத்னத்தின் 'நாயகன்' 1987இலும், பா. ரஞ்சித்தின் 'காலா' 2018இலும் வெளிவந்தன. முன்னதில் மக்கள் வேலு நாயக்கரிடம் வந்து முறையிடுகின்றனர், அவர் அருள்கிறார். உரையாடல் பெரும்பாலும் விண்ணப்பமும் அதற்கான விடையுமாகவே அமைகிறது. துன்பம் நமக்குத் தெரிகிறது. துன்பப்படுவோர் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பது தெரிவதில்லை. பின்னதில் மகன் லெனின் தந்தையை எதிர்த்து வாதிடுகிறான். முன்னாள் காதலி ஜரீனா மறுகுடியமைப்பை ஆதரித்து வருகிறாள். மனைவி செல்வி நெல்லைத் தமிழில் ஓயாமல் இடித்துரைக்கிறாள். வீட்டுப் பேச்சே அங்கு மன்றமாகிறது. எதிரி ஹரி தாதா காலாவின் வீட்டில் தந்த தண்ணீரைப் பருகாமல் போகும் காட்சிக்கு நீண்ட வசனம் தேவைப்படவில்லை. 'தூய்மை' என்று அவன் உச்சரிக்கும் சொல்லின் பொருளை, பருகப்படாத தண்ணீர் உணர்த்திவிடுகிறது.

ஆயினும் குறை சொல்லாமல் விடுவதற்கில்லை. காலாவிலும் நாயகனின் பேருருவம் எழும்போதெல்லாம் சந்துகளின் பேச்சு அடங்கிவிடுகிறது. பலர் பேசித் தீர்க்க வேண்டியதை ஒருவர் அடித்துத் தீர்க்கிறார். தமிழ்த் திரையின் பழைய நோய் அது. எனினும் முப்பத்தோர் ஆண்டு இடைவெளியில், தாராவித் தமிழர் முறையிடுபவர் என்ற நிலையிலிருந்து வாதிடுபவர் என்ற நிலைக்கு உயர்ந்துள்ளனர் என்பதை மறுக்க முடியாது.

ஒரு மறுப்பு

எல்லாமே அரசியல் என்றால் மனிதர் மனம் விட்டுப் பேசுவது எப்படி? ஊரைக் கேட்பதும் தவறு, அண்ணா என்பதும் தவறு, இலக்கணம் திருத்துவதும் தவறு என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதே மேல் அல்லவா? இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கேட்டு, நம் ஊர் ஆற்றைப் பற்றியும் கொடையைப் பற்றியும் பேசி மகிழும் இன்பம் புலம்பெயர்ந்தோர்க்கு உயிர் மூச்சுப் போன்றது. அதைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

எல்லாப் பேச்சும் ஒரே அளவில் அரசியல் என்று நாம் கூறவில்லை. அளவுகோல் எளிது. அந்தச் சொல்லுக்குப் பின் ஒருவருடைய இருக்கை, பங்கு, மதிப்பு இவற்றில் ஏதேனும் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். ஊர்ப் பெயர் கேட்டபின் காப்பி டம்ளர் மாறாவிட்டால் அது அன்பு. மாறினால் அது அரசியல். டீக்கடையில் இரு கட்சித் தலைவர்களைப் பற்றி மணிக்கணக்கில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் பொழுதுபோக்காகவே முடிகிறது. எழுந்து போகும்போது எவர் நிலையும் மாறுவதில்லை. அந்தக் கடையிலேயே, மேசை துடைக்கும் சிறுவனை எப்படி அழைக்கிறோம் என்பதில் மாற்றம் நேர்ந்தால் அது பெரிய செய்தி. சங்கத்தின் விதி தடுப்பது முன்னதை. பின்னதை அது காண்பதே இல்லை.

இன்றைய சொல்

இன்று தாராவி வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் சொற்கள் 'பாத்ர', 'அபாத்ர' என்னும் மராத்திச் சொற்கள். தகுதியுடையவர், தகுதியற்றவர் என்பது பொருள். மறுகுடியமைப்புத் திட்டத்துக்காக 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்போர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகத் தரப்படும் என்பது விதி. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தார்க்கும் வேறு விதி, வேறு இடம். நம் பழமொழியும் 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்கிறது. பிச்சைக்குப் பாத்திரம் பார்க்கலாம்; வாழ்ந்த இடத்துக்கும் பார்க்கலாமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

கீழே தந்தையும் தாயும், மேலே ஏணி வைத்து ஏறும் அறையில் மணமான மகனும் என்பது இங்கு வழக்கமான குடும்ப அமைப்பு. ஓர் அடுப்பில் சமைத்து உண்ட அந்தக் குடும்பத்தில் தந்தை பாத்ர, மகன் அபாத்ர என்றாகிவிடலாம். வீட்டுக்குள் இதுவரை ஒலித்த 'நாம்' என்ற சொல், ஒரு படிவத்தின் வழியே 'நாங்கள்', 'நீங்கள்' எனப் பிரிகிறது. தாய் அதை எப்படிப் பேசுவாள், மருமகள் எப்படிப் பதில் சொல்வாள், மூத்தவனும் இளையவனும் எந்தச் சொல்லோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள் என்பவை இன்று நடந்துகொண்டிருக்கும் இலக்கியம். எழுதுவோர் இன்றி அது காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

பம்பாய்ச் சேரி ஒன்றில் வாழும் ஆதிதிராவிடத் தமிழர் அரசியலில் திரண்டதைப் பற்றி ஓவன் லிஞ்ச் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1974இலேயே ஆங்கில வார இதழொன்றில் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார். தூரதேசத்தார் கேட்டுக் குறித்ததை, இரயில் பாலத்தைக் கடந்தால் அடையக்கூடிய தொலைவில் இருந்த நாம் எவ்வளவு கேட்டோம்? நம் மலர்களில் சங்ககால வீரத்துக்கும் விருந்தோம்பலுக்கும் பக்கங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. லேபர் கேம்ப்பின் குழாயடியில் ஒருத்தி மற்றொருத்திக்கு ஒரு குடம் விட்டுக்கொடுத்தபோது பேசிய பேச்சும் விருந்தோம்பலைப் பற்றியதே. அதற்கும் சில பக்கங்கள் வேண்டும்.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அரசியல் கூடாது என்ற விதியைக் கட்சி மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். லேபர் கேம்ப்பின் பேச்சை அதன் சொல்லிலேயே, யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்போடு தொகுக்கட்டும். பேச்சுப் போட்டியில் அங்கிருந்து வரும் பிள்ளை தன் வீட்டுத் தமிழில் பேசும்போது மதிப்பெண்ணைக் குறைக்காதிருக்கட்டும். இக்கட்டுரை நெடுகிலும் நாம் 'நாம்' என்றே எழுதி வந்திருக்கிறோம். பாதைக்கு மேற்கே வாழ்வோரும் எழுதி, படித்து, திருத்தி, மறுத்துப் பேசும் மலர் ஒன்று வெளிவரும்போதே அந்தச் சொல் இலக்கணப்படி சரியாக இருக்கும்.